தெற்கு வானத்தில் ஒரு பஞ்சுப் பிசிறு



இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். மொட்டை மாடிக்கு ஏறினால் போதும். வீட்டில் பைனாகுலர் இருந்தால் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டு பீரோவில் 7×50 என்று பொறித்த ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். இந்தக் கதைக்கு அதுவே தாராளம்.

1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து சென்னைக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர். பெற்றவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தலைவர் நார்மன் ராபர்ட் போக்சன். தந்தியின் சாரம் இதுதான்: பியெலா வால்மீன் 27-ஆம் தேதி பூமியை உரசிவிட்டுப் போயிருக்கிறது, தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

பியெலா என்பது காணாமல் போன வால்மீன். ஆறேமுக்கால் ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. 1846-ல் இரண்டாக உடைந்து வந்தது. 1852-ல் அந்த இரண்டு துண்டுகளும் தெரிந்தன. அதற்குப் பிறகு ஆளே இல்லை. இருபது ஆண்டு கழித்து, 1872 நவம்பர் 27 இரவில், ஐரோப்பாவில் எரிகற்கள் மழைபோலக் கொட்டின. அந்த வால்மீன் விட்டுச் சென்ற தூசிக்குள் பூமி புகுந்திருக்கிறது என்று வானியலாளர்களுக்குப் புரிந்தது. அப்படியானால் வால்மீன் பூமியைத் தாண்டி, எரிகற்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று கிளிங்கர்ஃப்யூஸ் கணக்குப் போட்டார். அந்தத் திசை தெற்கு. கோட்டிங்கனிலிருந்து பார்த்தால் அந்த இடம் தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும். சென்னையிலிருந்து பார்த்தால் கைக்கு எட்டும் உயரம். ஐரோப்பாவையும் இந்தியாவையும் இணைத்த புதிய தந்திப் பாதை 1870-ல்தான் திறந்திருந்தது. அது இல்லாவிட்டால் இந்தச் செய்தி கப்பலில் வந்து சேருவதற்குள் வால்மீன் கைவிட்டுப் போயிருக்கும்.

நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம் என்றால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை. போக்சன் விடியலுக்கு முன் எழுந்து தென்கிழக்கைப் பார்த்தால் மேகம். மேகம் விலகிய ஒரு விடியலில் அந்த இடத்தில் வட்டமான ஒரு மங்கல் தெரிந்தது. மறுநாள் விடியலிலும் பார்த்தார். அப்புறம் மறுபடியும் மேகம் மூடிக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தொலைநோக்கியில் ஒரு பஞ்சுப் பிசிறு தெரிகிறது. அது வால்மீன்தான் என்று எப்படிச் சொல்வது? வானத்தில் அப்படிப் பிசிறுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தொலைவில் இருக்கும் நட்சத்திரக் கொத்தும் பிசிறுதான். அதைவிடப் பல மடங்கு தொலைவில் இருக்கும் கேலக்ஸியும் பிசிறுதான். அதிலும் தீட்டா சென்டாரியைச் சுற்றியுள்ள பகுதி இந்த விஷயத்தில் வானத்திலேயே பணக்காரத் தெரு. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாணுக்குள் ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து, சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி, எம் 83 என்ற இன்னொரு கேலக்ஸி. வித்தியாசம் ஒன்றுதான்: வால்மீன் நகரும், மற்றவை நகராது. பிரான்ஸில் சார்ல்ஸ் மெசியே என்ற வால்மீன் வேட்டைக்காரர் இந்த நகராத பிசிறுகளால் ஏமாந்து ஏமாந்து சலித்துப்போய், “இவை வால்மீன் அல்ல” என்று ஒரு பட்டியலே போட்டார். 1781-ல் அதில் 103 இருந்தன. அவருக்குத் தொந்தரவாக இருந்தவற்றைத்தான் இன்று பைனாகுலர்காரர்கள் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். எம் 83-ல் வரும் ‘எம்’ அவருடைய பெயர்.

இந்தத் தெற்குப் பிசிறுகளில் பலவற்றை முதலில் பட்டியலிட்டவர் மெசியே அல்ல, லக்காய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1751-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போய் ஏறத்தாழ 10,000 நட்சத்திரங்களின் இடத்தை அளந்தார். 42 மங்கல் பொருள்களைக் குறித்துவைத்தார். எம் 83 அவர் 1752-ல் கண்டது. அவர் கையில் இருந்த கருவியின் கண்ணாடி எவ்வளவு அகலம் தெரியுமா? அரை அங்குலம். பெருக்கம் 8 மடங்கு. உங்கள் பீரோவில் இருக்கும் 7×50 பைனாகுலரின் கண்ணாடி 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். லக்காயின் கருவியைவிடப் பதினைந்து மடங்கு வெளிச்சத்தை அள்ளும், அதுவும் இரண்டு கண்ணுக்கும். கருவி போதவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நுங்கம்பாக்கத்துக்குத் திரும்புவோம். அங்கே வானாய்வுக்கூடம் வந்ததே கப்பல்களால்தான். சோழமண்டலக் கரையில் அன்று கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. கரையின் சரியான வரைபடம் வேண்டும், அதற்குச் சென்னையின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிய வேண்டும், அதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் கல்லூரி சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். டி.வி.யில் புயல் செய்தி வாசிக்கப்படும் அதே வளாகம்தான்.

போக்சன் 1861-ல் இங்கே வந்தார். வந்த சில மாதங்களில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். ஆனால் அவர் பெயர் உலகம் முழுக்க நிலைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. நட்சத்திரத்தின் மங்கலை எண்ணால் சொல்லும் முறையை 1856-ல், இங்கிலாந்தில் இருந்தபோதே, அவர்தான் திட்டமாக வரையறுத்தார். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தர நட்சத்திரத்தைவிட 100 மடங்கு பிரகாசம், ஆகவே ஒரு படிக்கு 2.512 மடங்கு. எண் கூடினால் மங்கல் கூடும். ஹப்பிள் தொலைநோக்கி எடுக்கும் படத்துக்கும் இன்றைக்கும் இதே அளவுகோல்தான். மங்கலை அளக்கக் கற்றுக்கொடுத்த மனிதர் முப்பது ஆண்டு சென்னையில் வேலை பார்த்து 1891-ல் இங்கேயே இறந்தார். அவருடைய மகள் ஐசிஸ் அதே ஆய்வுக்கூடத்தில் கணக்காளராக, அதாவது கணினி என்ற சொல்லுக்குக் கணக்குப் போடுபவர் என்று பொருள் இருந்த காலத்தில், பல ஆண்டு உழைத்தார். ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராக அவர் பெயர் 1886-ல் முன்மொழியப்பட்டு, பெண் என்பதால் திரும்பப் பெறப்பட்டது. 1920-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஆய்வுக்கூடத்தின் கதாநாயகர் இன்னொருவர்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அங்கே முதல் உதவியாளர். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். வானத்தை நேரில் அளந்த கணக்கின்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். உங்கள் வீட்டில் வாக்கியமா திருக்கணிதமா என்று சம்பந்தி வீட்டாருடன் விவாதம் நடந்திருந்தால், அந்த விவாதத்தில் இவருக்கும் பங்கு உண்டு. 1872-ல் ராயல் வானியல் கழகத்தின் முதல் இந்திய உறுப்பினரானார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றிச் சாதாரண மக்கள் படிக்கும்படி நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். 1880-ல் காலமானார்.

இவர் 1867-ல் கண்டுபிடித்தது ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரம். சில மாதங்களுக்கு ஒருமுறை கூடி, பிறகு தொலைநோக்கியிலும் தெரியாத அளவுக்கு மங்கிப்போகும். நான் உங்கள் கவனத்தை இழுப்பது அது இருக்கும் இடத்துக்கு. அது தெற்குக் கோடியில் இருக்கிறது. சென்னையில் அது உச்சிக்கு வரும்போதும் தொடுவானத்திலிருந்து 14 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் 10 டிகிரி. அப்படிப் பார்த்தால் ஒன்றரை முஷ்டி உயரம், அவ்வளவுதான். அந்த உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு மேலே இருந்து வரும் ஒளியைவிட நான்கு மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். கடலோர ஈரம், தூசி எல்லாம் சேர்த்து. அந்த உயரத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து, வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் மாறுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார் என்றால், அன்றைய சென்னையின் தெற்கு வானம் எவ்வளவு கறுப்பாக இருந்திருக்க வேண்டும்!

இன்று நம் மாடியில் நின்று அதே ஒன்றரை முஷ்டி உயரத்தைப் பாருங்கள். நமக்குத் தெற்கே மணலி ஆலைகளின் தீநாக்கும் விளக்குகளும், அதற்கு அப்பால் முழுச் சென்னையும். கிழக்கே எண்ணூர். வடகிழக்கே அனல்மின் நிலையமும் துறைமுகமும். மேகம் வந்தால் அடிவயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இவையெல்லாம் நமக்குச் சோறு போடுபவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வானாய்வுக்கூடங்கள் நகரத்தை விட்டு ஓடிய கதையும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1899-ல் சூரிய ஆய்வு கொடைக்கானலுக்குப் போயிற்று. அறுபதுகளின் கடைசியில் வைணு பாப்பு, இருட்டான தெற்கு வானத்தைத் தேடி ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார். அங்கே 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. நுங்கம்பாக்கத்தின் நேரடி வாரிசான இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இப்போது லடாக்கின் ஹான்லே வரை போயிருக்கிறது.

அந்த ஹான்லேயில் நடப்பதை நம் சங்கம் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 2022-ல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். கிராமத்தை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. விளக்குக்கு மூடி போட்டார்கள், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார்கள். நம் நகரில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் தெருக்கள் இருக்கின்றன. அங்கே விளக்கு அணையக் கூடாது. ஆனால் நம் தெருவில் எத்தனை விளக்கு கீழே சாலையைப் பார்க்கிறது, எத்தனை விளக்கு எதிர்வீட்டு மாடியையும் வானத்தையும் பார்க்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நான் என் தெருவில் எண்ணினேன், பாதிக்கு மேல் வானத்தைத்தான் பார்க்கின்றன. தலைக்கு மேலே போகும் வெளிச்சத்துக்கும் நாம்தான் கரண்ட் பில் கட்டுகிறோம். மாடியில் போட்ட ஃபோகஸ் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாமல் கிடந்த இரவுகள் பலருக்கும் நினைவிருக்கும். கீழே தண்ணீர், மேலே மாடி. அந்த நாட்களில் நிலவு நள்ளிரவுக்கு முன் எழவில்லை. வானம் வெளுத்த நேரங்களில் கிழக்கே கார்த்திகை எழும்பி நின்றது. அந்தக் கஷ்டத்திலும் பிள்ளைகள் சிலர் முதல்முறையாக அதை எண்ணினார்கள், ஆறா ஏழா என்று.

அது நட்சத்திரக் கொத்துதான். பைனாகுலரில் ஆறு, ஏழு என்பது அறுபது, எழுபதாகும். நமக்குச் சுமார் 440 ஒளியாண்டு தூரம். நம் முன்னோர் பெயர் வைத்த நட்சத்திரங்களில் இப்படிக் கொத்துகள் இன்னும் உண்டு. பூசம் ஒன்று. தைப்பூசத்தன்று நிலவு அதன் பக்கத்தில்தான் இருக்கும், அன்று பார்க்க முடியாது. பத்து நாள் கழித்து, நிலவு இல்லாத முன்னிரவில் பாருங்கள். வெறும் கண்ணுக்குப் புகைபோல இருக்கும், நம் ஊரில் அதுவும் தெரியாது. பைனாகுலரில் பொரி சிதறியதுபோல வரும். கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பி, புகை என்று நினைத்தது நட்சத்திரங்கள் என்று கண்டது இதைத்தான்.

ஆடி மாதம் இரவு 9 மணிக்கு மூலத்தைப் பிடியுங்கள், தேளின் கொடுக்கு நுனி. அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் மேலே எம் 7. மூலமும் அதுவும் பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் வரும். தாலமி 1,900 ஆண்டுக்கு முன்பே வெறும் கண்ணால் பார்த்துக் குறித்தது. மணலியிலிருந்து பைனாகுலர் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கேலக்ஸி பார்க்க ஆசைப்படுபவர்கள் மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஏழரை மணிக்கு வடமேற்கே ஆண்ட்ரோமெடாவைத் தேடலாம். பாரசீகத்தின் அல் சூஃபி 964-ல் எழுதிவைத்த சிறு மேகம். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நீளவாக்கில் ஒரு மங்கல் தெரிந்தால் அதுதான், படத்தில் பார்த்த சுருளை எதிர்பார்க்காதீர்கள்.

பார்க்கும் முறை எளிது. மாடியில் தெருவிளக்கு கண்ணில் படாத மூலையில் அரை மணி உட்காருங்கள், போனைத் தொடாமல். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். மங்கலானதை நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும். அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் ஓரக்கண்ணில் வந்து நிற்கும், ஏனென்றால் மங்கலை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு கட்டளை: பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

போக்சன் கண்ட பிசிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வால்மீனின் பாதையைக் கணக்கிட மூன்று நாளின் இடமாவது வேண்டும். அவருக்குக் கிடைத்தது இரண்டு. மூன்றாம் விடியலை மேகம் தின்றுவிட்டது. பிறகு அதை வேறு யாரும் பார்க்கவில்லை. அது பியெலாவாக இருக்க முடியாது, இடம் பொருந்தவில்லை என்று பின்னால் கணக்குப் போட்டவர்கள் முடிவுகட்டினார்கள். தவறான காரணத்துக்காகச் சொல்லப்பட்ட சரியான இடத்தில் வேறொரு வால்மீன் தற்செயலாக இருந்திருக்கிறது. இதே கரையில் இதற்கு முன்பும் அப்படி ஒன்று நடந்ததுண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ரிஷோ என்ற பாதிரியார் ஒரு வால்மீனைப் பார்க்கப் போய், அதே சென்டாரஸ் பகுதியில் ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை நட்சத்திரம் என்று கண்டுபிடித்தார்.

அந்த இடத்தை நீங்களும் பார்க்கலாம். மே மாத நடுவில், கோடை மழை பெய்து காற்று கழுவி விட்ட ஓர் இரவு, 10 மணி. தெற்கு நோக்கி நின்று அண்ணாந்தால் சித்திரை நட்சத்திரம் தனியாக ஒளிரும். அதிலிருந்து நேர் கீழே, கோடு பிடித்ததுபோல் இறங்குங்கள். தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில் பைனாகுலருக்குள் வட்டமான ஒரு மங்கல் வரும். ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள். தாலமி அதை ஒற்றை நட்சத்திரம் என்று எழுதினார். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஹாலிதான் அது நட்சத்திரம் இல்லை என்றார். வரும் வழியில், அதற்கு அரை முஷ்டி மேலே, சென்டாரஸ் ஏ இருக்கிறது. ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டு. அதற்கு நம் மாடி போதாது, ஜவ்வாது மலைக்குத்தான் போக வேண்டும். ஒமேகாவுக்கு இடப்பக்கம், சற்று மேலே, வெறும் கண்ணுக்கே தெரியும் ஒரு நட்சத்திரம் தீட்டா சென்டாரி. தந்தியில் வந்த பெயர். டிசம்பர் முதல் வாரம் விடியற்காலை 5 மணிக்கு மேல் மாடி ஏறினால் அது திருவொற்றியூர் பக்கம் தாழ்வாக எழும்பி நிற்கும், மேகம் விட்டால்.